அக்காவின் பெயரை எழுதாத நாள்

கடல் ஊருக்குள் ஏறி வந்து போன பிறகு எங்களுக்கு வந்த நிவாரணப் பெட்டிகளில் கம்பளிக் கோட்டும் குதிகால் உயர்ந்த செருப்பும் இருந்தன. மட்டக்களப்பு வெயிலில் கம்பளிக் கோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஆளையாள் பார்த்துச் சிரித்தோம். ஊரே சாவு வீடாகக் கிடந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. அந்தப் பெட்டியின் அடியில்தான் அந்தப் புத்தகம் கிடந்தது. நல்ல குணத்தை ஒரு மனிதன் தனக்குள் எப்படி வளர்த்துக்கொள்வது என்பதைப் பற்றியது. நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் வாசிக்க வேறு எதுவும் இல்லை, எடுத்துக்கொண்டேன்.

இன்றைக்கும் சொல்வேன், அது நல்ல புத்தகம். வெறும் புத்திமதி இல்லை. குணம் பிறவியில் வருவதில்லை, அன்றாடம் எடுக்கிற சின்னச் சின்ன முடிவுகள்தான் ஆளை ஆக்குகின்றன என்று எழுதியவர் பொறுமையாக விளக்கியிருந்தார். பொழுதுபடும் நேரத்தில் அன்றைக்குச் செய்த ஒரு பிழையையாவது எழுதி வைக்கச் சொல்லியிருந்தார். நானும் ஒரு கொப்பி எடுத்து எழுதத் தொடங்கினேன். வரிசையில் நின்ற கிழவரிடம் எரிந்து விழுந்தேன். பால்மா கொடுக்கும்போது முந்திக்கொண்டேன். எழுதி முடித்ததும் மனசைக் கழுவிவிட்டதுபோல இருக்கும். அந்தச் சுகத்துக்காகவே எழுதியிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

அக்கா கேலி செய்வாள். கடல் அவளுடைய சின்ன மகனைக் கொண்டுபோயிருந்தது. மிஞ்சியது மகள் ஒருத்தி. அப்படியிருந்தும் என்னைக் கண்டால் ஒரு பகிடி விடாமல் இருக்க மாட்டாள்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமோ தம்பி? அதை வெச்சிட்டு ரெண்டு வாளி தண்ணி அள்ளித் தா."

எங்கள் பக்கத்தில் வீடும் அது நிற்கிற வளவும் பெண்ணுக்குத்தான். தாய் மகளுக்குக் கொடுப்பாள், அவள் தன் மகளுக்குக் கொடுப்பாள். புருஷன் வந்து குடியிருப்பவன். சண்டை முற்றினால் உடுப்பை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறவனும் அவன்தான். கடற்கரையில் இருந்த அம்மாவின் வளவு அப்படித்தான் அக்காவுக்குச் சீதனமாக வந்தது. கடலுக்குக் கிட்ட இனி வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கத்தில் சொல்லி, அதற்குப் பதிலாக வாவிக்கு இந்தப் பக்கம் காணியும் வீடும் தருவதாகச் சொன்னார்கள்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் சனத்தின் வீட்டுப் படிவங்களை நிரப்புகிற வேலை எனக்கு வந்தது. படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு இடம். அங்கே யாருடைய பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் வீட்டின் உறுதிப் பத்திரம். அக்காவின் படிவம் வந்தபோது பக்கத்தில் இருந்த உத்தியோகத்தரிடம் கேட்டேன். பழைய காணி மனைவியின் பெயரில் இருந்தால் அவளுடைய பெயரையே எழுதலாம் என்றார். பேனையை வைக்கப் போனேன். அக்காவின் புருஷன், எங்கள் அத்தான், மேசையில் கையூன்றிக் குனிந்தார்.

"நான் உசிரோட நிக்கக்குள்ள அவள் தலைவரோ? சனமெல்லாம் பாத்துட்டு நிக்கிது."

மகனைப் பறிகொடுத்த மனிதனோடு நாலுபேர் முன்னால் வாக்குவாதப்பட எனக்குக் கூச்சமாக இருந்தது. வெறும் கூச்சம்தான், பயம்கூட இல்லை. அத்தானின் பெயரை எழுதினேன்.

பின்னேரம் கிணற்றடியில் அக்கா கேட்டாள். "ஆர்ர பேர எழுதின?"

"அத்தான்ட பேர. சட்டம் அப்படித்தானாம் அக்கா."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "ஓம், சட்டமெண்டா என்ன செய்யிற" என்று வாளியைத் தூக்கினாள்.

அன்றைக்குக் கொப்பியில், மத்தியானம் அதிகம் தூங்கிவிட்டேன் என்று எழுதினேன்.

வீடு கட்டி முடிந்தும் உறுதி கைக்கு வர வருடக்கணக்கில் இழுத்தது. யுத்தம் முடிந்த வருடம்தான் கொடுத்தார்கள். பாதைகள் திறந்தன. அத்தான் வடக்கே றோட்டு வேலைக்குப் போனார். திரும்பி வரும்போது இன்னொருத்தியோடு வந்தார். எங்கள் ஊரில் அதுவரை நான் காணாததை அன்று கண்டேன். சண்டை முற்றி, உடுப்பு மூட்டையோடு படலையைத் தாண்டியவள் பெண், என் அக்கா. நான் நியாயம் கேட்கப் போனேன். அத்தான் சத்தம்கூடப் போடவில்லை.

"உன்ட கையெழுத்துத்தானே" என்றார்.

மகளுக்கு ஒரு வீடு இல்லாமல் எப்படிக் கலியாணம் பேசுவது? அதற்காக அக்கா வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போனாள். மகளை என்னிடம் விட்டாள். நான் இருப்பதும் என் மனைவியின் வீட்டில்தான். அக்காவின் மகள் அங்கே ஒரு மூலையில் பாய் போட்டுப் படுத்தாள். கொடுப்பதற்கு என்னிடம் ஒரு சாண் நிலம் இல்லை. அவளைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கத்தில் சோறு இறங்காது.

கடைசியில் ஒருநாள் தொலைபேசியில் அக்காவிடம் சொல்லிவிட்டேன். சட்டம் அப்படி இல்லை, உன் பெயரை எழுதியிருக்கலாம், நான் பொய் சொன்னேன் என்று.

"தெரியும்" என்றாள். "ரெண்டு பேருக்குப் பின்னால வரிசையில நிண்டநான். அந்த உத்தியோகத்தர் சொன்னது எனக்கும் கேட்டது."

"பிறகேன் அக்கா பேசாம இருந்த?"

"அவரிட்ட நான் போய்ச் சொன்னா நீ பொய்யன் எண்டு ஆகும். ஊரெல்லாம் உன்னை நல்ல பொடியன் எண்டு சொல்லிட்டு இருந்தது, அதை உடைக்க மனம் வரல்ல. உறுதி வர எத்தனை வருசம் போச்சுது தம்பி. நீயா வந்து சொல்லுவாய், மாத்திப் போடுவம் எண்டு ஒவ்வொரு நாளும் பாத்துட்டு இருந்தன்."