இங்கிலாந்துக் கோடாலியும் பாலை மரமும்

இந்தக் காட்டுக்கு வந்து இரண்டாவது வருடம் நடக்கிறது. இன்னமும் எனக்குப் பழகாத சங்கதி ஒன்று உண்டு. காலையில் முகம் கழுவ வாளியோடு வெளியே வந்தால், பக்கத்துக் காணிக்காரன் பல் விளக்குவது தெரிகிறது. அவன் மனைவி அடுப்பில் என்ன வைத்திருக்கிறாள், அவன் நேற்று எத்தனை மரம் தறித்தான், எல்லாம் தெரிகிறது. நடுவில் வேலி இல்லை. நில அளவைக்காரர் நட்ட இரண்டு கல்தான். சுன்னாகத்தில் நான் பிறந்து வளர்ந்த வளவில் தென்னோலை பின்னிய கிடுகு வேலி ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும். அயல் வீட்டுக்குப் புதுச் சைக்கிள் வந்தாலும் மணிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். மிச்சத்தை நாங்களாக ஊகிக்க வேண்டும். ஊகித்து வருகிற பொறாமைக்கு ஓர் அளவு இருக்கிறது. வன்னியில் இந்தத் துணுக்காய்ப் பக்கத்துக்கு வந்த பிறகுதான், கண்ணால் பார்த்து வருகிற பொறாமை என்னவென்று அறிந்தேன். காணிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு ஊரில் காத்திருக்கிறவர்கள் மலேரியாவைப் பற்றியும் யானையைப் பற்றியும் எனக்குக் கடிதம் எழுதிக் கேட்கிறார்கள். இதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புறப்படுவதற்கு முன் யாழ்ப்பாணம் போய் ஓர் இரும்புக் கடையில் கோடாலி வாங்கினேன். எங்கள் பக்கத்தில் ஆயுதம் வாங்குகிறவன் அதன் கூர் எப்படி என்று பார்ப்பதில்லை, திருப்பிப் பிடித்து எழுத்தைத்தான் பார்ப்பான். எந்த நாட்டில் செய்தது என்று அங்கே குத்தியிருக்கும். இங்கிலாந்து என்றால் அதற்கு மேல் கதை இல்லை. யப்பான் என்றால் பிள்ளைகளுக்குத் தேர்த் திருவிழாவில் வாங்கிக் கொடுக்கும் தகரச் சாமான்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் மாமனாரின் மரம் அரியும் வாளில் குத்தியிருந்த அந்த எழுத்துகளின் உருவம் மனப்பாடம். கடைக்காரர் இரண்டு கோடாலிகளை மேசையில் வைத்து, யப்பான் பாதி விலை, இரும்பும் மோசமில்லை என்றார். விலை போகாத சாமானை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். என் மனைவி மனோன்மணி ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த பித்தளைக் குடத்தை மறந்துவிட்டு இங்கிலாந்தை வாங்கினேன். அவள் பழைய மண்குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். ஏசியிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அரசாங்கம் காணி தந்த இங்கிலிஷ் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. ஐப்பசி மழைக்கு முன் மேட்டுக்காணியில் உள்ள காட்டை வெட்டித் துப்புரவாக்க வேண்டும். தவறினால் காணி பட்டியலில் அடுத்தவனுக்குப் போய்விடும். அந்தக் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுப்பேன். இங்கிலிஷ் வாசிக்கத் தெரிந்தவர் யாரைக் கண்டாலும், ஒருவேளை முன்பு வாசித்தவர் பிழையாக வாசித்தாரோ என்று, திரும்பவும் வாசிக்கச் சொல்வேன். எல்லாரும் ஒரே மாதிரித்தான் வாசித்தார்கள். ஊரில் எங்களுக்கு இருந்த பங்குக் காணியைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன் நான். இந்தக் காணி போனால் திரும்பிப் போய் நிற்க ஒரு முற்றம் இல்லை.

பக்கத்துக் காணிக்கு வந்தவன் செல்லத்துரை, பருத்தித்துறைப் பக்கத்து ஆள், என்னைவிடப் பத்து வயது இளையவன். முதல் நாளே அவன் கோடாலியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். யப்பான். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். வைகாசி பிறக்கும்வரை அந்தச் சந்தோஷம் நீடித்தது. பிறகு பார்த்தால் அவன் பக்கம் வானம் தெரிகிறது, என் பக்கம் காடு அப்படியே நிற்கிறது. பற்றையும் சிறு மரமும் எனக்குப் பிரச்சினை இல்லை. இரும்பாய் வைரம் பாய்ந்த பாலை மரம்தான் அசையவில்லை. கோடாலி உள்ளே போய் இறுகிக்கொள்ளும். ஆட்டி இழுத்தால் கூர் பல் பல்லாக உடைந்து வரும். ஒவ்வொரு மாலையும் கல்லில் தண்ணீர் தெளித்து, முழங்கை மயிரை வழிக்கும் அளவுக்குத் தீட்டுவேன். வேலியில் நிற்கும் பூவரசையும் கிளுவையையும் அப்படித் தீட்டித்தான் ஊரில் தறிப்போம். மறுநாள் மத்தியானத்துக்குள் பல் மறுபடியும் போய்விடும். அங்கே யப்பான் ஒரே தாளத்தில் விழுந்துகொண்டிருக்கும். ஒரு நாள் மனோன்மணி சோற்றோடு வந்து சற்று நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இஞ்சாருங்கோ, நீங்கள் மரத்தைப் பாக்கிறதிலும் பாக்க பக்கத்துக் காணியை அல்லோ கூடப் பாக்கிறியள்.”

சோற்றை வாங்கிக்கொண்டு மரத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். எருமைகளைச் சாய்த்து ஓட்டிக்கொண்டு அந்த வழியால் போகும், இங்கேயே பிறந்து வயல் செய்கிற வன்னிக் கமக்காரர் ஒருவர் செல்லத்துரையோடு நின்று கதைப்பதைப் பல தடவை கண்டிருந்தேன். ஒரு நாள் அவர் என் காணிக்குள்ளும் வந்தார். என் கோடாலியைக் கையில் எடுத்து, கூரைப் பெருவிரலால் தடவினார். அவர் வாய் திறக்க முன்னரே நான் கேட்டேன், பாலைக்கு எந்த நாட்டுக் கோடாலி நல்லது என்று. அவர் கோடாலியைக் கீழே வைத்துவிட்டு மரத்தை அண்ணாந்து பார்த்தார். “பாலையை ஏன் தறிக்கிறீர்? உமக்குப் பழம் தின்னுற எண்ணம் இல்லையோ?” என்று கேட்டுவிட்டு எருமைக்குப் பின்னால் போய்விட்டார். அவனுக்கு ஏதோ சொல்லிக் கொடுத்துவிட்டு எனக்கு மறைக்கிறார் என்று அன்றைக்கு முழுவதும் புழுங்கினேன்.

அதோடு புதிய சந்தேகமும் பிடித்துக்கொண்டது. என்னுடையது கள்ள முத்திரையோ? பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போய், அங்கே ஒரு கடையில் கோடாலித் தலையைக் காட்டினேன். கடைக்காரர் சுண்டிப் பார்த்தார், தராசில் வைத்தார், அசல் இங்கிலாந்து என்று திருப்பித் தந்தார். வேறு யாராவது என்றால் நிம்மதியோடு திரும்பியிருப்பான். நான் கோடாலித் தலையை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி பஸ்ஸில் வந்தேன். கோடாலியில் குற்றம் இல்லையென்றால் குற்றம் யாரில்?

ஆவணி பிறந்துவிட்டது. ஏழு பாலை மரங்கள் நின்றன. வெட்கத்தை விட்டுச் செல்லத்துரையிடம் போனேன். உள்ளதைச் சொல்லவில்லை. என்னுடையது பாரம், தோள் நோகிறது, ஒரு நாளைக்கு மாற்றிப் பிடிப்போமா என்று கேட்டேன். இரும்பைக் கைக்குக் கை கொடுத்தால் பகை வரும் என்ற நம்பிக்கை எங்கள் இரண்டு பேர் ஊரிலும் ஒன்றுதான். அவன் தன்னுடையதை நிலத்தில் வைத்தான், நான் என்னுடையதை வைத்தேன், குனிந்து எடுத்துக்கொண்டோம். அன்றைக்கு அந்த யப்பானால் ஒரு பாலையை விழுத்தினேன். விழுந்த சத்தம் கேட்டபோது சந்தோஷம் வரவில்லை. பித்தளைக் குடம்தான் கண்ணில் நின்றது.

மாலையில் என் கோடாலி திரும்பி வந்தது. கூரைப் பெருவிரலால் தடவிப் பார்த்தேன். அரத்தால் ராவி மொட்டையாக்கியிருந்தான். நாலு மாதம் நான் தீட்டிய தீட்டு முழுவதும் போயிருந்தது.

“உமக்கு எரிச்சல் எண்டால் வாயாலை சொல்லியிருக்கலாம்” என்றேன். “சாமானைப் பழுதாக்கத் தேவையில்லை.”

அவன் முகம் சுருங்கிவிட்டது. “மொட்டையாக்கேல்லை அண்ணை. தடிப்பாக்கினனான். மெல்லிசாத் தீட்டினால் பாலை கூரைத் திண்டுபோடும். எருமைக்காரர்தான் எனக்குச் சொன்னவர். உங்களுக்கும் சொல்ல எண்டு வந்தவராம், நீங்கள் எந்த நாட்டுக் கோடாலி நல்லதெண்டு கேட்டனீங்களாம்.”

அவன் நிலத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான். “எரிச்சல் இருந்தது, பொய் சொல்லேல்லை. நீங்கள் வந்த அண்டைக்கே அந்த எழுத்தைக் கண்டனான். எனக்கு அதை வாங்க வழியில்லை. இண்டைக்குப் பிடிச்சுப் பாத்தன். இரும்பு எண்டால் இதுதான் அண்ணை இரும்பு. என்ரை கோடாலி ஒவ்வொரு காலமையும் அரம் கேக்கும். இது கேக்காது.”

இங்கே வந்த நாளிலிருந்து அவன் என்னைப் பார்த்து ஏங்கியிருக்கிறான், நான் அவனைப் பார்த்து ஏங்கியிருக்கிறேன். சிரித்திருக்க வேண்டும். நான் சிரிக்கவில்லை. என்னுடையதுதான் நல்லது என்று அவன் வாயாலேயே கேட்ட பிறகும் மனம் ஆறவில்லை. ஒரே காட்டுக்கு ஒரே மாதத்தில் வந்தோம். அவன் கேட்கத் தெரிந்து கேட்டான், நான் எழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். கோடாலியை மாற்றிக்கொள்ளலாம், அந்தப் புத்தியை எப்படி மாற்றிக்கொள்வது? இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் அவன் தன் முற்றத்தில் இன்னொரு வன்னிக்காரரோடு ஏதோ கதைத்துச் சிரிப்பது தெரிகிறது. என்ன கதை என்று போய்க் கேட்க வேண்டும் போலிருக்கிறது. போக மாட்டேன்.

மொட்டை என்று நான் ஏசிய அந்தக் கூரால் மிச்ச மரங்களைத் தறித்தேன். கடைசி மரம் விழுந்த காலையில்தான் காணி உத்தியோகத்தர் ஜீப்பில் வந்து இறங்கினார். மழை முகில் கறுத்துக்கொண்டு நின்றது. முதலில் செல்லத்துரையின் காணியைச் சுற்றிப் பார்த்தார், பிறகு என்னுடையதை. இரண்டும் சரி, பத்திரம் வரும் என்றார். நான் கோடாலியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே குந்திவிட்டேன். அவர் பெரிய புத்தகத்தை விரித்து, பெயரும் சொந்த ஊரும் சொல்லச் சொன்னார். செல்லத்துரை யோசிக்கவே இல்லை. “சொந்த ஊர் இதுதான் ஐயா, இஞ்சைதான்” என்றான். உத்தியோகத்தர் சிரித்துக்கொண்டு அப்படியே எழுதினார். அந்த ஒரு சொல்லுக்காக அவன் மேல் எனக்கு வந்த பொறாமை, மரத்துக்காகவும் இரும்புக்காகவும்கூட வந்ததில்லை.

என் முறை வந்தது. இஞ்சைதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் சொன்னதைப் பார்த்துச் சொன்னதாகிவிடும் என்று ஒரு பக்கம். சொன்னால் பிறந்த ஊரை மறுத்ததாகி, தாய் தகப்பனுக்கு அடுக்காது என்று ஒரு பக்கம். அவர் பேனாவைப் பிடித்தபடி நின்றார். “சுன்னாகம்” என்றேன். எழுத வசதியாக அவர் புத்தகத்தை, அன்று காலை நான் தறித்த பாலையின் அடிக்கட்டையில் வைத்து எழுதினார். எழுதி முடித்துத் தூக்கினால் புத்தகம் வரவில்லை. கட்டையில் ஊறியிருந்த பாலில் அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் பிடித்து இழுத்தோம். உள்ளே சுன்னாகம் என்ற எழுத்து இன்னும் காயாமல் ஈரமாக மினுங்கியது. வெளியே அட்டையில் இந்த மண்ணின் பால் நூல் நூலாக இழுபட்டு, கட்டையை விட மனமில்லாமல் நின்றது.