வயர் இல்லாத ஜாய்ஸ்டிக் விற்றவன்

எலக்ட்ரிக் கடையில் சாமான் விற்பது சுலபம், வாங்குகிறவன் வாயைத் திறக்காத வரைக்கும். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எண்பதுகளின் நடுவில் ஈப்போவில் ஒரு சீனர் கடையில் வேலை பார்த்தேன். டிவி கேம் வந்த புதிது. அதை ஆட்டுகிற ஜாய்ஸ்டிக்குக்கு வால் மாதிரி வயர் இருக்கும். கடை முதலாளி தவுக்கே எங்கிருந்தோ வயர் இல்லாத ஜாய்ஸ்டிக் ஒரு பெட்டி நிறைய இறக்கினார். ரேடியோ மாதிரி காற்றிலேயே போய்ச் சேருமாம். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. ஆனால் கடைச் சட்டம் ஒன்று உண்டு. கஸ்டமரிடம் 'தெரியாது' என்று சொன்னால் வேலை போய்விடும். ஆகவே எதைக் கேட்டாலும் "ஒன்னும் ஆகாதுலா" என்றேன். சனி அங்கேதான் பிடித்தது.

கரண்டு

முதலில் வந்தவர் ஒரு தோட்டத்து மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிறவர். எத்தனை அடி தள்ளி உட்காரலாம், பேட்டரி எத்தனை நாள் தாங்கும், இடது கைக்காரன் பிடிக்கலாமா என்று அரை மணி நேரம் கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

இரண்டு நாள் கழித்துப் பெட்டியோடு வந்து நின்றார். பகலில் ஓடவில்லையாம். அவர் இருக்கிற லயத்து வரிசை வீடுகளுக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் இஞ்சின் போட்டுக் கரண்டு விடுவார்கள். டிவிக்குக் கரண்டு வேண்டாமா என்றேன். முறைத்தார். "வயரே இல்லன்னுதானே வித்தே? கரண்டும் வேணாம்னு நெனச்சு, லயத்தையே கூப்பிட்டு உக்கார வெச்சிட்டேன்லா!"

நெஞ்சு

கோப்பெங்கிலிருந்து ஒருவன் வந்தான். லாரி ஓட்டுகிறவன். கை ஒவ்வொன்றும் உலக்கை. அவன் அப்பாவுக்கு நெஞ்சுக்குள் மெஷின் வைத்திருக்கிறார்களாம். இருதயத்தைத் தட்டி ஓட்டுவதே அதுதானாம். இந்த ரேடியோ அதைக் கெடுக்குமா என்று கேட்டான்.

எனக்கு என்ன தெரியும்? தவுக்கே பக்கத்தில் நின்றார். "ஒன்னும் ஆகாதுலா" என்றேன். வாரண்டி அட்டையில் முகவரி எழுதிக்கொண்டு பில்லைக் கிழித்தேன். அவன் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டான். "சரிண்ணே. ஏதாச்சும் ஆச்சுன்னா உங்களத்தான் தேடி வருவேன்."

சிக்னல்

அதே வாரம் லூமுட்டிலிருந்து ஒரு கடற்படைக்காரன் வந்தான். முகாமுக்குள் இதைப் போட்டால் சிக்னல் வெளியே போகுமா, ஆபீசர் பிடிப்பாரா என்று ஆரம்பித்தான். அவன் முடிப்பதற்குள் என் வாய் முந்திக்கொண்டது. ஒன்னும் ஆகாதுலா.

அவன் பெட்டியைக் குண்டை வைக்கிற மாதிரி மெதுவாகக் கவுண்டரில் வைத்தான். "கொஞ்சம் யோசிச்சுச் சொல்லிருந்தா வாங்கிருப்பேண்ணே. இவ்ளோ வேகமா சொல்றீங்க பாருங்க, அதான் பயமா இருக்கு."

பேய்

இதற்குள் எனக்கு ஒரு வியாதி வந்திருந்தது. வாசலில் லாரி நின்றால் ஸ்டோருக்குள் போய்விடுவேன். அப்படி ஒளிந்திருந்த ஒரு மத்தியானம் ஓர் அம்மா வந்து கூப்பிட்டார். தாமான் குடியிருப்பில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீட்டில் இருப்பவர். ஜாய்ஸ்டிக்கை மஞ்சள் துணியில் சுற்றி, மேலே திருநீறு பூசிக் கொண்டுவந்திருந்தார். யாரும் தொடாமலே டிவியில் பொம்மை குதிக்கிறதாம். பூசாரி வந்து பார்த்தும் நிற்கவில்லையாம்.

பில் புத்தகத்தைப் புரட்டினேன். அடுத்த வீட்டுக்காரியும் அதே ஜாய்ஸ்டிக் வாங்கியிருந்தாள். அவள் அங்கே அமுக்கினால் இங்கே குதிக்கிறது. விளக்கிச் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் இன்னும் வெளுத்தது. "பேய்னாகூடப் பரவால்லண்ணே. அவளா என் வீட்டுக்குள்ள வந்து ஆட்டுறா?"

கோப்பெங்

அவர் போனதும் நான் உட்கார்ந்துவிட்டேன். செங்கல் சுவரைத் தாண்டுகிற சாமான், கிழவரின் நெஞ்சைத் தாண்டாதா? வாரண்டி அட்டையில் முகவரி இருந்தது. தவுக்கேயிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். அது பொய்யும் இல்லை.

அந்த வீட்டு வாசலில் செருப்புக் குவியல். முப்பது ஜோடியாவது இருக்கும். வெளியே நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஓரத்தில் அந்த லாரி. என்ன ஆச்சு என்று ஒருவரைக் கேட்டேன். "உஷ்!" என்றார்.

தலையை மட்டும் உள்ளே நீட்டினேன். சனம் முழுக்கத் தரையில். நடுவில் சாய்வு நாற்காலியில் கிழவர் உயிரோடுதான் இருந்தார். ஜாய்ஸ்டிக்கை நெஞ்சுமேலேயே வைத்து, டிவியில் ஏரோப்பிளேனைச் சுட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்படிப் பாய்ந்தேனோ தெரியாது. ஆட்களை மிதித்துக்கொண்டு போய் அதைப் பிடுங்கிவிட்டேன்.

டிவியில் அவருடைய ஏரோப்பிளேன் வெடித்தது. மகன் எழுந்தான். நான் உளறிக்கொட்டினேன்: மெஷின், ரேடியோ, எனக்கு ஒன்றுமே தெரியாது, வேலைக்குப் பயந்து சொன்னேன். கிழவர் கையை நெஞ்சில் வைத்து, அது ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஒன்ன நம்பியா வாங்குனோம்? ஆஸ்பத்திரில கேட்டுட்டுத்தான் பெட்டியவே பிரிச்சோம். டாக்டர் இதத் தொடலாம்னாரு. இப்படி ஓடியாந்து புடுங்குறவனப் பத்தி அவரு ஒன்னும் சொல்லல தம்பி!"

நாம் சொல்வதை எவனும் நம்பியதில்லை என்று தெரிந்த நாளிலிருந்துதான், கவுண்டருக்குப் பின்னால் பயமில்லாமல் நின்றேன்.