பிரட்டுக்கு நடந்த இருளாயி

சொன்ன பேச்சைக் கேட்காத பெண்களை எனக்குப் பிடிக்கும். அதனால்தான் இலங்கையில் அரநாயக்கப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய இருளாயியைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

1934 கடைசியில் கேகாலைப் பக்கம் மலேரியா ஆள் ஆளாக வாரிக்கொண்டு போனது. இருளாயியின் புருஷன் அதில் போய்ச் சேர்ந்தான். அவளைக் கொய்னா மருந்து காப்பாற்றியது. ஆனால் எழுந்து நின்றால் தொடை நடுங்கியது. காலா அது? மரவள்ளிக் குச்சி.

அவளைப் பார்த்துக்கொண்டவள் நாத்தனார் பேச்சியம்மா. காய்ச்சல் கண்ட உடம்பு அசைந்தால் காய்ச்சல் திரும்பி வரும் என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லாரும் நம்பினார்கள். அதனால் கம்பளியைச் சுற்றி, கஞ்சித் தண்ணியை ஊற்றி, மூலையிலேயே கிடத்தினாள். அண்ணனைப் பறிகொடுத்தவளின் பயம் அது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் படுக்கப் படுக்க இருளாயி தேய்ந்தாள். சளி பிடித்தது. சளி விட்டதும் சிரங்கு கிளம்பியது.

இன்றைக்கு வைத்தியர்கள் இதற்குக் காரணம் சொல்வார்கள். நோயோடு மல்லுக்கு நிற்கும் உடம்பு தனக்கு வேண்டிய சத்தைத் தசையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. தசை வேலை செய்தால் எதிர்ப்புச் சக்திக்கும் தெம்பு. படுத்தே கிடந்தால் இரண்டும் போச்சு. இருளாயிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ரப்பர் மரம் இலை உதிர்க்கும்போது விடும் ஓய்வு முடிந்து சித்திரையில் மறுபடி பால் வெட்டு தொடங்கும். அன்று விடியற்காலைப் பிரட்டில், பேர் கூப்பிடும்போது, வந்து நிற்காவிட்டால் பேரை வெட்டிவிடுவதாகப் பெரியணன் கங்காணி சொல்லியிருந்தார். பேர் போனால் லயத்தில் குடியிருக்கும் காம்பராவும் போகும், கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அவளுக்கு ஒரு ஈ காக்காய் இல்லை. புருஷனைப் புதைத்த மண்ணோ இங்கே கிடக்கிறது.

பேச்சியம்மா புல்வெட்டுக்குப் போனதும் இருளாயி சுவரைப் பிடித்து எழுந்தாள். வாசலில் விழுந்தாள். மறுநாளும் விழுந்தாள். பிறகு வெறுங்குடத்தோடு, லயத்துக்கெல்லாம் தண்ணீர் விழும் பீலிவரை போய் வந்தாள். அப்புறம் கால் குடம், அரைக் குடம். கஞ்சியில் பாசிப்பயறு அள்ளிப் போட்டுக்கொண்டாள். உடம்பு கணகணத்த நாளில் பேசாமல் படுத்துக்கொண்டாள். அவள் ஒன்றும் முட்டாளில்லை.

ஒருநாள் பாதி வழியில் பேச்சியம்மா பார்த்துவிட்டாள். குடத்தைப் பிடுங்கிக்கொண்டு அழுதாள்.

"அண்ணனத்தான் குடுத்துட்டேன். ஒங்களையும் குடுக்கணுமா மதினி?"

"படுத்தே கெடந்து செத்தா மட்டும் ஒங்கண்ணன் திரும்பி வருவாராக்கும்? கொடத்தக் குடு பேச்சி."

பேச்சியம்மா குடத்தைக் கொடுத்தாள். அதற்குப் பிறகு மதினி விழுந்தால் பிடிக்க, தினமும் பின்னாலேயே நடந்தாள்.

சித்திரையில் பிரட்டுக்கு அழைக்கும் தப்புப் பறை அடித்தது. வரிசையில் நின்ற இருளாயியின் காலைக் கங்காணி மேலும் கீழும் பார்த்தார். பேர் இருக்கட்டும், கீழ்க்காட்டில் லேசான மர நிரையாகப் பார்த்துத் தருகிறேன் என்றார்.

"வேணாங்க. அவரு வெட்டுன மேட்டு நெரையையே குடுங்க."

கங்காணி சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. வேறு வழியில்லாமல் கொடுத்தார்.

மேட்டில் ஏறும்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். இரண்டு இடத்திலும் தானே எழுந்தாள். அவனுக்குப் பிறகு யாரும் கத்தி வைக்காத முதல் மரத்தில் புருஷன் கடைசியாக வெட்டிய தழும்பு காய்ந்து கிடந்தது. அதற்குக் கீழே கத்தியை வைத்து இழுத்தாள். பால் சிரட்டையில் இறங்கியது. அவன் செத்ததிலிருந்து அழத் தெம்பில்லாமல் கிடந்தவள், அங்கேதான் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே அடுத்த மரத்துக்கு ஏறினாள்.