ஊதாமல் அணைத்த விளக்கு

படிப்புக்காகப் பந்திங் என்ற சிற்றூரிலிருந்து நகரத்துக்கு வந்து, பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அவரும் தனி, நானும் தனி. பள்ளி அறிவியல் போட்டிக்காக, சோடா உப்பில் எலுமிச்சைச் சாறு விட்டு, காற்றைவிடக் கனமான வாயுவைக் குவளையில் பிடித்துப் பழகினேன். பார்க்கத்தான் ஆளில்லை. ஒரு மாலை அவரைக் கூப்பிட்டேன்.

"அக்கா, ஊதாமலே அணைக்கிறேன், பாருங்க."

மெழுகுவர்த்தி தீர்ந்திருந்தது. அவர் கணவரின் படத்துக்கு முன் எரிந்த விளக்கின்மேல் குவளையைச் சாய்த்தேன். சுடர் அணைந்தது. சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

"இண்டைக்கு அவருக்குத் திவசம், தம்பி," என்று சொல்லிவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினார்.

கண்ணுக்குத் தெரியாததற்கும் கனம் உண்டு என்று மேடையில் விளக்கிப் பரிசு வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் பரிசைக் காட்ட அவரைக் கூப்பிட வாய் வரவில்லை.