மோகனப்ரியாவுக்காக ஒரு மணி நேரம்

முகத்துவாரக்குப்பத்தில் மோகனப்ரியாவின் வீட்டைத் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. மீன் ஏலம் எங்கே நடக்கிறது என்று கேட்டால் போதும். ஏலம் விடும் தகரக் கொட்டகையை ஒட்டி நிற்பதுதான் அவள் வீடு.

அந்த வீட்டின் உள்ளறையில், பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே லேப்டாப்பை வைத்துக்கொண்டு, காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பாள். மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் உதவி எண்ணில் வேலை. எந்த ஊரில் யார் ஆஸ்பத்திரி வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாலும், ஆறுதலாக முதலில் கேட்பது அவள் குரல்தான்.

முன்பு இதே வேலைக்காக நகரத்தின் மறுகோடிக்குப் போய் வந்தவள் அவள். விடியற்காலையில் பஸ் பிடித்தால், திரும்பும்போது மகள் சினேகா தூங்கியிருப்பாள். ஒருநாள் காய்ச்சலில் மோகனப்ரியா வீட்டில் படுத்திருந்தபோது, குழந்தை கண் விழித்து அவளைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு ஞாயித்துக்கெழமயாம்மா?" என்று கேட்டது. அந்தக் கேள்வி அவள் நெஞ்சைப் பிளந்துவிட்டது. அடுத்த மாதமே குழுத் தலைவி ஆகவிருந்தவள், வேலையை உதறிவிட்டு வந்தாள். பின்னர் வீட்டிலிருந்தே வேலை என்று அதே நிறுவனம் ஆள் எடுத்தபோது, மறுபடியும் கடைசிப் படியில் இருந்து தொடங்கினாள். அதில் அவளுக்கு வெட்கமில்லை. பள்ளியிலிருந்து வரும் மகளுக்குக் கதவைத் திறந்துவிட அவள் வீட்டில் இருந்தாள்.

இந்த வாழ்க்கைக்குத்தான் இப்போது ஆபத்து வந்தது. எல்லோரும் அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும். சத்தமில்லாத வீடு உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு என்று உத்தரவு. செவ்வாய்க்கிழமை காலை பத்திலிருந்து பதினொன்று வரை, தர அதிகாரி சௌக்கத் அலி அவள் பேசும் அழைப்புகளைக் கேட்பார். தேறாவிட்டால் மீண்டும் அந்த பஸ், இல்லையென்றால் ராஜினாமா.

பத்து மணி! படகுகள் கரையேறும் நேரம். இதுவரை ஏலம் முடிந்த பிறகு தொடங்கும் ஷிஃப்டைக் கேட்டு வாங்கிச் சமாளித்திருந்தாள். இனி அதற்கு வழியில்லை. ஏலம் விடுவதோ அவள் மாமியார் குப்பம்மா. அவர் குரல் எழுந்தால் நடுக்கடலில் இருக்கும் படகும் திரும்பிப் பார்க்கும்.

"அத்தே, செவ்வாக்கெழம ஒரு மணி நேரம் மட்டும்..."

"இன்னாமே, ஏலத்த நிறுத்தணுமா? மீனு கெட்டுப்பூடும்மே!"

"நிறுத்த வேணாம் அத்தே. கத்தாம வுட முடியுமா?"

வலையை உதறிக்கொண்டிருந்த கணவன் ராமதாஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "எங்கம்மா கத்தாம இருக்கிறதா? கடலுகூட கம்முனு கெடக்கும், இது கெடக்காது!"

"நீ வாய மூட்றா! எம் மருமவ வாய் தொறந்து ஒண்ணு கேட்டுக்கீறா. வெரல்லயே வுடறேன் பாரு ஏலத்த!"

சொன்னபடியே செய்தார். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு குப்பம்மா விரல் நீட்ட, எதிரே நின்ற வியாபாரிப் பெண்கள் விரலாலேயே விலை ஏற்றினார்கள். அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

பத்தரைக்கு ஒரு அழைப்பு. வியாசர்பாடியிலிருந்து ரமாபாய் என்ற அம்மாள். கணவரை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோக வேண்டும், காப்பீட்டு எண் பொருந்தவில்லை. அழுகையில் அவருக்கு எண்ணைப் படிக்கவே வரவில்லை.

"பதற்றப்படாதீங்க அம்மா, நான் இருக்கேன்" என்று மோகனப்ரியா சொல்லி முடிப்பதற்குள், புயல் எச்சரிக்கைக்கென்று வைத்திருக்கும் கோயில் மைக் அலறியது.

"குப்பத்து ஜனங்களே! நம்ம ராமதாஸ் சம்சாரம் ஆபீஸ் வேல பாத்துகினு கீது! பதினோரு மணி வரிக்கும் யாரும் சவுண்டு குடுக்கக் கூடாது! மறுபடியும் சொல்றேன்..."

மைக் ரஞ்சித்தின் வழக்கம், எதையும் மூன்று முறை சொல்வது. மூன்று முறையும் சொன்னான்.

மோகனப்ரியாவுக்கு உலகமே இருண்டது. அதிகாரி கேட்டுக்கொண்டிருக்கிறார். இணைப்பைத் துண்டித்து, சிக்னல் போய்விட்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் மறுமுனையில் ஒருத்தி அழுதுகொண்டிருக்கிறாளே!

"இன்னாம்மா அது சத்தம்?" என்றார் ரமாபாய்.

இத்தனை ஆண்டுகளாக ஹெட்போனுக்குள் மறைத்து வைத்திருந்த தன் சொந்தத் தமிழ் அவளையறியாமல் வெளியே வந்தது. "எங்க குப்பத்து மைக்கும்மா. நீ பேசறது எனக்கு நல்லா கேக்கணும்னு ஊரையே கம்முனு இருக்கச் சொல்லிகினு கீறாங்க. ஒனக்காவத்தான் எல்லாரும் கம்முனு கீறாங்கம்மா. ஒவ்வொரு நம்பரா சொல்லு, பாக்கலாம்."

அழுகை நின்றது. லேசாக ஒரு சிரிப்புகூடக் கேட்டது. எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. எட்டு நிமிடத்தில் அனுமதி வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

பதினொன்றுக்கு சௌக்கத் அலி அழைத்தார். "மேடம், சத்தத்துக்கு என்னால மார்க் போட முடியாது." அவள் கண்களை மூடிக்கொண்டாள். "ஆனா அந்த அம்மாகிட்ட நீங்க பேசினதுக்கு முழு மார்க். இன்னொரு வாய்ப்பு குடுக்கணும்னு எழுதியிருக்கேன். வெள்ளிக்கிழமை, அதே நேரம். அன்னைக்கு தயவுசெஞ்சு மைக் வேணாம்."

வாசலில் ராமதாஸ் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"நீதான் ரஞ்சித்தாண்ட சொன்னியாய்யா?"

"ரெண்டு பேரு பைக்க முறுக்கிகினு வந்தானுங்க. பேஜாரா பூடுமேன்னுதான்..."

அவளுக்குக் கோபம் வரவில்லை. கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

வியாழக்கிழமை மாலை மைக்கில் அறிவிப்பு வந்தது: "நாளைக்குப் பத்து மணிக்கு மைக்கு கெடையாது! மறுபடியும் சொல்றேன்..."

வெள்ளிக்கிழமை குப்பம் மூச்சை அடக்கிக்கொண்டது. பதினொன்று அடித்துச் சில நிமிடங்களில் மோகனப்ரியா வெளியே ஓடிவந்தாள். வாயைக் கட்டியிருந்த மாமியாரைக் கட்டிக்கொண்டு, "இனிமே நா வூட்லதான் அத்தே" என்றாள்.

குப்பம்மா முந்தானையை அவிழ்த்தார். ஒரு மணி நேரம் அடக்கிவைத்த குரல் "வஞ்சிரம்!" என்று கரையெல்லாம் முழங்கியது.

மறுநாளிலிருந்து ஏலம் அந்தத் தகரக் கொட்டகையில் நடக்கவில்லை. நூறு அடி தள்ளி, நிழலே இல்லாத மணலில், தலையில் ஈரத் துண்டோடு குப்பம்மா நின்றார். ஏன் இப்படி வெயிலில் நிற்கிறாய் என்று கேட்டவர்களிடம் ஒரே பதில்தான்: "எம் மருமவ வேல செய்யுது."