பொன்னுரங்கம் எழுந்து கொடுத்த இடம்

திருநின்றவூரில் செவ்வாய்க்கிழமை காலை மின்சார ரயில் வந்து நின்றதும் ஏறி, வழக்கம்போல ஜன்னலோரத்தைப் பார்த்தேன். பொன்னுரங்கம் இல்லை. அதே பெட்டியில் வரும் அவருடைய காலனிக்காரர் ஒருவர், "அண்ணாத்த விடிகாலைல போயிட்டாரு சார். நெஞ்சு வலின்னாரு, அவ்ளோதான்" என்றார். நான் இறங்கவில்லை. கூட வருகிறவர்கள் காலியாக விட்டிருந்த அந்த இடத்தில் பழக்கதோஷத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஆவடி வந்த பிறகுதான் என்ன செய்தேன் என்பது உறைத்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவரை அட்டெண்டராகத் தெரியும். நான் அதே கம்பெனியில் பர்சனல் செக்‌ஷன் கிளார்க். எனக்கு அவரை அதற்கு முன்பே தெரியும். அவருடைய அப்பா எங்கள் நிலத்தில் ஏர் ஓட்டியவர்.

வேப்பம்பட்டில் ஏறுகிறவருக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். அடுத்த ஸ்டேஷனில் ஏறுகிற எனக்குக் கிடைக்காது. பதினான்கு வருஷமாக, என்னைக் கண்டதும் எழுந்துவிடுவார். "நீங்க குந்துங்க சார். நின்னுகினு வந்தாதான் எனக்குக் காத்து வருது" என்பார். முதல் வாரம் வேண்டாமென்று சொன்னேன். இரண்டாவது வாரம் சொல்லவில்லை. என் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம் என்று நண்பர்களிடம் பெருமையடித்துக்கொண்டதும் உண்டு.

முப்பது வயதுக்கு மேல் டுடோரியலில் படித்துப் பத்தாவது பாஸ் செய்தார். அந்த வருஷமே ஒரு கிளார்க் இடம் காலியானது. விண்ணப்பத்தை என்னிடம் கொடுத்து, "ஒரு வார்த்த சொல்லுங்க சார், போதும்" என்றார். அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

ஆள் எப்படி என்று மேனேஜர் விசாரித்தார். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தங்கமான மனுஷன் சார். ரொம்பப் பணிவு. என் முன்னால உட்காரக்கூட மாட்டார். மேசை போட்டுக் கொடுத்தா அவருக்கே கூச்சமா இருக்கும்."

பாராட்டுகிற தொனியில்தான் சொன்னேன். பக்கத்து மேசையில் அவர் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை என்பதே உண்மை. வேலை வெளியாளுக்குப் போனது. நான் என்ன சொன்னேன் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. மறுநாள் காலையும் எழுந்து இடம் கொடுத்தார். நானும் உட்கார்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் லீவு சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். கல்லூரியில் படிக்கும் அவர் மகள் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். பிறகு தாழ்ந்த குரலில், "அப்பாவுக்கு நாலு வருசமா முட்டி வலி சார். மாத்திர போட்டுகினுதான் வண்டி ஏறுவாரு. உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

அம்பத்தூரில் இறங்கியதும் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நிற்பதைத் தினமும் பார்த்திருக்கிறேன். "தெரியும்மா" என்றேன்.

அந்த நாற்காலியில் நான் உட்காரவில்லை. உட்காராமல் இருந்ததால் இனி யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. வண்டியில் அவர் எழுந்ததும் நான் உட்காரும்போது அந்தப் பலகையில் அவருடைய உடம்புச் சூடு இருக்கும். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அதுதான்.