சட்டி ஒழுகியது, கணக்கு ஒழுகவில்லை

எங்கள் தொழிலில் கை நனையாது. தண்ணீரைத் தொடாமலே அது எப்படிப் போகும் என்று கணினிக்குள் கணக்குப் பார்ப்பதுதான் வேலை. அதுவும் ஆற்றுத் தண்ணீரோ கடல் தண்ணீரோ இல்லை. தலைமயிரைவிட மெல்லிய துளைகளுக்குள் ஊர்ந்துபோகிற தண்ணீர். அந்த அளவில் அதற்குத் துள்ளல் கிடையாது, சீனிப்பாணிபோல ஒட்டி ஒட்டித்தான் நகரும். கணினி முன்னால் தலையில் கைவைத்துக்கொண்டு ஒரு நாளாவது இருந்தவர்கள் மேலே வாசியுங்கள், என் பாடு உங்களுக்குத்தான் விளங்கும்.

எந்தக் கண்?

முள்ளியவளையில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து களிமண்ணில் உமி கலந்து தண்ணீர் வடிகட்டும் சட்டி செய்கிறார்கள். சூளையில் உமி எரிந்துபோக, அது இருந்த இடம் துளையாகிவிடும். அந்தத் துளைகளால் வடிகிற தண்ணீர் பக்கத்து முன்பள்ளிக்குப் போக வேண்டும். கிணற்றுத் தண்ணீரைக் குடித்து அங்கே பிள்ளைகளுக்கு மாறி மாறி வயிற்றோட்டம். உமி பெரிதென்றால் கிருமியும் கூடவே வடியும். மிகச் சிறிதென்றால் தண்ணீரே வராது. பெரிய கண், நடுக் கண், சின்னக் கண் என்று உமியைச் சலிக்க மூன்று அரிதட்டுகள் வைத்திருந்தார்கள். எதில் உமியை அரிப்பது என்று சொல்லும் பொறுப்பு வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பிக்கிற என் தலையில் விழுந்தது.

மாரி தொடங்கினால் களிமண் காயாது. அதற்குமுன் ஒரே ஒரு சூளைதான் வைக்கலாம், மூன்றையும் சுட்டுப் பார்க்க நாளும் இல்லை, விறகும் இல்லை. மூன்றையும் கணினியில் ஓடவிட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்று குழுத் தலைவி செல்வராணி அக்காவிடம் சற்று மிடுக்காகவே சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளை, உங்கட கொம்பியூட்டர் எப்பவாவது தண்ணி குடிச்சிருக்கோ?"

புள்ளி வேலி

என்னுடைய முறையில் துளையின் சுவரைப் புள்ளிகளால் கட்ட வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் தண்ணீரை ஒரு சின்னத் தள்ளுத் தள்ளும். எல்லாத் தள்ளும் சேர்ந்து, சுவரோரம் தண்ணீரை அசையவிடாமல் பிடித்துவைக்க வேண்டும். கணினி தாங்காதே என்று நான் புள்ளிகளைக் குறைத்துவிட்டேன். உள்ளே போன தண்ணீர் முழுவதும் வெளியே வரவில்லை. இரண்டு கிழமையாக ஒவ்வொரு கூட்டல் கழித்தல் குறியாகச் சந்தேகப்பட்டேன், பிறகு கணினியைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் என் படிப்பையே சந்தேகப்பட்டேன்.

பக்கத்து மேசை நஸ்ரின் முல்லைத்தீவுக்காரி, வீட்டில் ஆடு வளர்க்கிறார்கள். என் புலம்பல் தாங்காமல் எழுந்துவந்து திரையைப் பார்த்தாள். தண்ணீர் புள்ளிகளுக்கு நடுவால் சுவரைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. "இவ்வளவு இடைவெளி விட்டு வேலி போட்டா தண்ணி மட்டுமில்லை, எங்கட கிடாயும் போகும்" என்றாள்.

பதினெட்டாவது மணித்தியாலம்

புள்ளிகளை இரட்டிப்பாக்கினேன். கணக்கு பதினெட்டு மணித்தியாலம் ஓடி, முடிகிற தறுவாயில் மின்சாரம் போனது. இடையிடையே சேமித்துவைக்கும் ஒரு வரியை எழுதச் சோம்பல்பட்டிருந்தேன், ஆகவே எல்லாம் போயிற்று. கரண்ட் வந்ததும் அந்த வரியை எழுதி முதலிலிருந்து தொடங்கினேன். நடந்ததைக் கேட்ட எங்கள் காவலாளி ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "மில்லில கரண்ட் போனா, அரைச்ச மாவெண்டாலும் மிஞ்சும் மிஸ்."

சொட்டுச் சொட்டாக

ஒருவழியாக விடை வந்தது. பெரிய கண், நடுக் கண், சின்னக் கண் எல்லாவற்றுக்கும் ஒரே விடை, பூச்சியம். ஒரு சொட்டும் வடியாது! திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன், அணுவளவும் மாறவில்லை. இப்படிப்பட்ட செய்தியைத் தொலைபேசியில் சொல்வது அழகில்லை என்று பஸ் ஏறி முள்ளியவளைக்குப் போனேன்.

அவர்களின் கொட்டிலில், போன வருடம் அரிக்காத உமியைக் கலந்து சும்மா பார்ப்பதற்காகச் சுட்ட ஒரு பழைய சட்டி தொங்கியது. அதிலிருந்து கீழே வாளிக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, உமிச் சட்டியால் தண்ணீர் வடிய வழியே இல்லை என்று பத்து நிமிடம் விளக்கினேன். செல்வராணி அக்கா முழுவதையும் கேட்டு முடித்தார். பிறகு வாளியைக் காட்டிச் சொன்னார்: "அப்ப இது ஒழுகுதெண்டு உங்கட கொம்பியூட்டருக்கு ஆர் பிள்ளை சொல்லுறது?"

ஒரு துண்டுப் பாண்

கணினியின் பலம் காணாது என்பதற்காக, முழுச் சட்டியை விட்டு அதன் ஒரு வெட்டுமுகத்தில் மட்டும் கணக்குச் செய்திருந்தேன். பிழை அதுதான். பேக்கரிப் பாணை வெட்டி ஒரு துண்டைப் பாருங்கள், ஓட்டைகள் எல்லாம் தனித்தனியாக அடைபட்டுக் கிடக்கும். முழுப் பாணுக்குள் அவை மேலாலும் கீழாலும் பின்னாலும் தொட்டுத் தொட்டுப் போகின்றன. தண்ணீர் போகும் வழியையே வெட்டி எறிந்துவிட்டு, தண்ணீர் போகாது என்று நான் அடித்துச் சொல்லியிருக்கிறேன். இதற்குப் பத்து வருடப் படிப்பு வேறு!

விட்டுவிட மனம் வரவில்லை. விடுமுறையில் சும்மா கிடந்த ஆய்வுகூடக் கணினிகளை அனுமதி கேட்டு வாங்கினேன். நானும் நஸ்ரினும் அவற்றை ஒன்றோடொன்று இணைத்தோம், சட்டியின் முழுக் கனவளவுக்கும் கணக்கை மாற்றி எழுதினோம். நான் சொன்னது பிழை, இன்னும் பத்து நாள் வேண்டும் என்று செல்வராணி அக்காவுக்குப் போன் எடுத்தேன். வெட்கத்தில் காது சுட்டது. "பத்து நாள் தாறன். பதினோராம் நாள் மழை வந்தா, சூளைக்குக் குடை பிடிக்கிறது நீங்கள்தான்" என்றார்.

அரை லீற்றர்

ஒன்பதாம் நாள் விடை வந்தது. நடுக் கண் அரிதட்டு, கிருமி தங்கிவிடும், மணித்தியாலத்துக்கு இரண்டு லீற்றர் வடியும். பெண்கள் மறுபேச்சில்லாமல் அப்படியே உமியை அரித்துச் சுட்டார்கள். வடிந்த தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். கிருமி இல்லை என்று தாள் வந்த அன்று என் கண் கலங்கியது, அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. அந்தக் கிழமையே முன்பள்ளியில் சட்டியை வைத்தோம். பிள்ளைகள் வரிசையில் நின்று குடித்தார்கள்.

வடிந்ததை அளந்தபோது மணித்தியாலத்துக்கு ஒன்றரை லீற்றர் இருந்தது. எங்கள் தொழிலில் இவ்வளவு கிட்ட வந்தால் கேக் வெட்டுவோம். அதைப் பெருமையாக விளக்கியும் சொன்னேன். செல்வராணி அக்கா தண்ணீர் அளந்த போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பிள்ளையள் குடிக்குதுகள், எங்களுக்கு அது காணும். ஆனா ரெண்டு லீற்றர் எண்டெல்லோ சொன்னனீங்கள், மிச்ச அரை லீற்றர் எங்க?"

அந்த அரை லீற்றர் இன்னும் அகப்படவில்லை, ஆனால் புள்ளிகளை மறுபடியும் இரட்டிப்பாக்கி ஓடவிட்டிருக்கிறேன், தப்பி எங்கே போய்விடும் பார்ப்போம்.